இறந்தவளின் பெயரில் ஒரு வயிறு: மன்னாரில் மூன்று நாள்

இந்தப் பயணம் போர்நிறுத்தக் காலத்தில், ஓர் ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது. மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்களால் வடக்கே போகும் ரயில்கள் பிதுங்கி வழிந்த வாரம். எல்லோரும் மாதாவைப் பார்க்கப் போனார்கள்; நான் ஒரு வயிற்றைத் தேடிப் போனேன். சிரிக்காதீர்கள், விளக்குகிறேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். நோயாளியின் உடலிலிருந்து கிள்ளியெடுத்த சதைத்துணுக்கை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. அதை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்வது எங்கள் டொக்டரம்மாவின் வேலை. அந்த வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய வயிற்றுத் தகடுகளை வருடவாரியாக எடுத்துப் பார்த்தால், வயிற்றுக் கிருமி கூடுகிறதா குறைகிறதா என்று ஓரளவு தெரியுமே என்றார். யோசனை அவருடையது, ஏணியில் ஏறித் தூசி தட்டித் தும்மியது நான்.

அந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருண்ட சிறு குச்சிபோல இருக்கும். பெரும்பாலும் சிறுவயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். நெருக்கியடித்துப் படுக்கும் இடங்களிலும் நல்ல தண்ணீர் இல்லாத இடங்களிலும் அதற்குக் கொண்டாட்டம். உள்ளே வந்தால் இலேசில் போகாது. பலருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொல்லையும் தராது. சிலருக்கு மட்டும் வயிற்றின் உட்சுவரை வருடக்கணக்கில் அரித்து மெலிய வைக்கும். மெலிந்த இடத்தில் ஒரு விசித்திரம் நடக்கும்: வயிறு தான் வயிறு என்பதை மறந்து, குடலைப்போல வளரத் தொடங்கும். அது புற்று அல்ல. ஆனால் புற்றுக்குப் போகும் பாதையில் ஒரு படி. அந்தப் பாதையில் கடைசிவரை போகிறவர்கள் குறைவு. போகப்போகிறவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதுதான் பயம்.

பெட்டிகளை அடுக்கிப் பார்த்ததில் வயதானவர்களின் வயிறுகளில் கிருமியும் அதிகம், மாற்றமும் அதிகம். குழாய்த் தண்ணீரோடு வளர்ந்த நகரத்து இளையவர்களிடம் வரவரக் குறைந்துகொண்டு வந்தது. இது கணக்கெடுப்பு அல்ல, ஒரு மேசையில் இருந்து பார்த்த இரண்டு பெண்களின் கண், அவ்வளவுதான். வேறு பல நாடுகளிலும் தலைமுறைக்குத் தலைமுறை இப்படித்தான் குறைகிறது என்றார் டொக்டரம்மா. ஒரேயொரு பெட்டி மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்கவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன், சண்டைக் காலத்தில், நடமாடும் மருத்துவக் குழு ஒன்று மன்னார்த் தீவுக்குப் போய், அகதிகளுக்கு வாய்வழியே கமரா விட்டுப் பார்த்து, துணுக்கெடுத்து அனுப்பியிருந்தது. அந்தப் பெட்டியில் வயதும் வயிறும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அறுபது என்று எழுதிய வயிறு ஓர் இளந்தாரியின் வயிறுபோல இருந்தது. டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

அந்தப் பெட்டியில் ஒரு தகட்டைப் பார்த்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கிருமி நிறைய. குடல்போலாகும் மாற்றம் பரந்து கிடந்தது. ஓரிடத்தில் உயிரணுக்கள் அதற்கும் அடுத்த படியில் கால் வைத்திருந்தன. முதல் தடவை அவசரத்தில் பார்த்தபோது அந்த ஓரம் தவறிவிட்டது. அன்று எழுதிய அறிக்கையும் பாதை மூடியிருந்ததால் திரும்பி வந்து, உறை பிரிக்கப்படாமல் கோப்பில் கிடந்தது. சூசை பிலோமினா, வயது முப்பத்தெட்டு, சொந்த ஊர் அரிப்பு. தற்போது பேசாலை முகாம். புதிதாக எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கிருமியை அழிக்கும் மருந்து உடனே வேண்டும், மறுபடியும் கமரா விட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் புற்று வருமோ என்று தெரியாமலே வாழ்ந்துகொண்டிருப்பாள். எனக்கு ஐந்து நாள் விடுமுறை இருந்தது. பழைய அறிக்கை, புதிய கடிதம், மன்னார் மருத்துவருக்குக் காட்டுவதற்காக அந்தத் தகடு ஆகிய மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை 5.45 ரயில். மதவாச்சியில் இறங்கும்போது 11 மணி. அங்கிருந்து மன்னார் 85 கிலோமீற்றர்தான், ஆனால் பஸ் நாலரை மணி நேரம் எடுத்தது. ஒவ்வொரு இராணுவச் சாவடியிலும் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். முருங்கனைத் தாண்டியதும் காடு மெலிந்து, தரை வெளிறி, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் இருந்த சாவடியில் ஓர் இளம் சிப்பாய் என் பையிலிருந்து தகட்டை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தான். ஊதாநிறத்தில் ஒரு சின்னப் பொட்டு. "மே மொக்கத?" என்று சிங்களத்தில் கேட்டான், இது என்ன என்று. ஒரு மனுசியின் வயிறு என்று உள்ளதைச் சொன்னேன். சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். நானும் அதுவரை அதை ஒரு மனுசியாக நினைத்துப் பார்க்கவில்லை. அன்று இரவு பள்ளிமுனையில் ஒரு வீட்டு அறையில் தங்கினேன், வாடகை முந்நூறு ரூபாய், கிணற்றுத் தண்ணீர் உப்பு.

முகாம்காரர்கள் அநேகமாக ஊர் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டாம் நாள் காலை 7 மணிக்கு நசீரின் ஓட்டோவில் அரிப்புக்குப் புறப்பட்டேன். நசீர் மன்னார்த் தீவிலுள்ள தாராபுரத்துக்காரர், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போனவர். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, திரும்பி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நாள் முழுவதற்கும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்று பேசி, வாயை மூடாமல் ஓட்டினார். முருங்கன் சந்தியில் திரும்பி, சிலாவத்துறைப் பாதையால், மொத்தம் 45 கிலோமீற்றர். பாதையின் இரு பக்கமும் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகள். கூரையில்லாத வீடுகள் கதவைத் திறந்தபடி நின்றன. ஒரு வீட்டு வாசலில் கழுதைகள் நாலைந்து வரிசையாக நின்று எங்களையே பார்த்தன. அவ்வளவு காற்றிலும் தலையும் அசையவில்லை, வாலும் அசையவில்லை.

"இதுகள் போகேல்ல மிஸ்," என்றார் நசீர். "நாங்க எல்லாரும் போன நேரம் இதுகள்தான் ஊரைப் பாத்தது. நான் திரும்பி வந்து என்ர வீட்டைத் திறக்கக்க உள்ளுக்கு ரெண்டு நிண்டுது. நான்தான் ஆரோ பிறத்தியான்போல பாத்துது."

அரிப்பில் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிந்த மாளிகையைத் தாண்டி, சிப்பி ஓடுகள் நொறுங்கும் மணலில் நடந்தால் பதினைந்து இருபது வீடுகள். பிலோமினாவின் வீட்டைக் கேட்டேன். முதலாவது பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டாவது வீட்டில் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்கள். அங்கே ஒரு மனிதர் படகின் பக்கத்தில் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். பிலோமினாவின் கணவர் அந்தோனி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் மனைவிக்குக் கடிதம் கொண்டுவந்தேன் என்று சொன்னேன்.

அவர் தூரிகையைத் தகரத்தில் வைத்தார். "அவ செத்து ஆறு வருசம், மிஸ்."

இந்த இடத்தில் நான் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுத் திரும்பியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. ஆறு வருடமாக இருக்க முடியாதே, ஐந்து வருடத்துக்கு முன்தானே சோதித்தார்கள் என்று கெட்டிக்காரிபோலச் சொல்லி, உறையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய பிழைகளில் அது ஒன்று.

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். திகதியில் விரலை வைத்தார்.

"அவ கடலில மூழ்கினது மாசியில," என்றார். "பேசாலையில இருந்து படகேறி, ராமேஸ்வரம் போய்ச்சேரேல்ல. ஏழு பிரேதம் கரையில ஒதுங்கினது. அவ ஒதுங்கேல்ல. இதில இருக்கிறது அடுத்த வருசம் பங்குனி. இது அவவின்ர பேர். அவவின்ர தேப்பன்ர பேர். என்ர ஊர்."

"ஆஸ்பத்திரிக் கந்தோரில பிழையா எழுதியிருப்பினம்," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"நிவாரணப் பட்டியலிலயும் அவவின்ர பேர் வந்து கொண்டிருந்தது. படகு மூழ்கி ஒரு வருசத்துக்குப் பிறகும் அரிசி எடுத்திருக்கிறா எண்டு ஒருத்தன் வந்து சொன்னவன். நான் அவனுக்கு அடிக்கப் போனனான்." அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. "செத்தவவின்ர வயித்துக்க ஆர் மிஸ் கமரா விடுறது?"

என் பையில் இருந்த ஊதாப் பொட்டு யாருடையது? பட்டப்பகல், பத்து மணி வெயில், சுற்றிலும் ஆட்கள். ஆனாலும் கடல் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தோனி வீட்டுக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீலைப்பை. அலுமாரியிலிருந்து எடுத்த நீலச் சேலை ஒன்று அதில் மடித்துக் கிடந்தது.

"உடுத்தியிருக்கிறதோட வந்திருப்பா," என்றார். "மாத்த ஒண்டு வேணும்."

பேசாலை மன்னார் நகரிலிருந்து தலைமன்னார்ப் பாதையில் 16 கிலோமீற்றர். நாங்கள் போய்ச் சேர 2.15. முகாமில் ஆட்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். வெறும் கொட்டில்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் இலக்கம். கூரையின் ஓலைக் கிடுகு போய், கம்புகள் மட்டும் காற்றில் முனகிக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் பொதுவான கிணறு ஒன்று, அதிலிருந்து இருபது முப்பது அடியில் இடிந்த மலசலகூட வரிசை. என் தொழில் புத்தி உடனே விழித்துக்கொண்டது. வெளியுலகில் அந்தக் கிருமி குறைந்துகொண்டு போன அதே வருடங்களில், இந்தக் கிணற்றைச் சுற்றி அது பெருகியிருக்கும். காலம் எல்லா ஊரிலும் ஒரே திசையில் போவதில்லை.

முகாம் வாசலில் சின்னக் கடை வைத்திருந்த திரேசம்மா அந்தோனியைக் கண்டதும் எழுந்துவிட்டார். கடிதத்தை வாசித்துக் காட்டியதும் சிலுவை போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு மட்டும் விட்டார்.

"இது பிலோமினா இல்லை, அந்தோனி. இருங்கோ, சொல்லுறன்." கதிரையை இழுத்துப் போட்டார். "படகேறுற ஆக்கள் பங்கீட்டுக் கார்ட்டைக் கொண்டுபோறேல்ல. பக்கத்துக் கொட்டிலுக்குக் குடுத்திட்டுத்தான் போவினம். பேர் பட்டியலில இருந்தா அரிசி, மா, பருப்பு வரும்தானே. போனவையின்ர பேரில இருக்கிறவை சாப்பிட்டினம். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். ஒருத்தரும் வெளியில சொல்லுறேல்ல. டொக்டர்மார் வந்த நேரமும் கார்ட்டைக் காட்டச் சொன்னவை. அதில படமே கிடையாது. ஆரின்ர கார்ட்டோ அந்தப் பேர், அந்த வயசு."

எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. எங்கள் ஆய்வுகூடத்துப் பெட்டி முழுக்க இரவல் பெயர்கள். கடல் தாண்டிப் போனவர்கள், கடலிலேயே போனவர்கள், அவர்கள் பெயரில் கொட்டிலுக்குள் இருந்தவர்களின் வயிறுகள். வயது வாரியாக டொக்டரம்மா கோடு போட்டு வைத்திருந்த தாளில் அந்தப் பகுதி முழுவதும் காற்றில் எழுதியது. பாதிப்பேர் பெயராக மட்டும் வாழ்ந்த ஒரு முகாமில், ஒவ்வொரு வாரமும் இல்லாதவர்களைக் கூப்பிட்டு அரிசி அளந்திருக்கிறார்கள்.

"பிலோமினாவின்ர கார்ட் ஆரிட்டை இருந்தது?" என்று கேட்டார் அந்தோனி.

"பக்கத்துக் கொட்டில் மாரியாயி. மலைநாட்டில இருந்து வந்த பிள்ளை. அதுக்கு அடையாள அட்டையும் இல்லை, ஒண்டும் இல்லை. நீங்கள் அப்ப இரணைதீவுப் பக்கம் தொழிலுக்குப் போய் நிண்டனீங்கள். கார்ட் பிலோமினாவோட கடலில தாண்டுபோச்சுது எண்டு நீங்கள் நினைச்சியள், நாங்களும் வாயைத் திறக்கேல்ல. இப்ப முருங்கனுக்கு அங்கால வயல் வேலைக்குப் போய் இருக்குது."

அந்தோனி தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். திரும்பி ஓட்டோவில் ஏறும்போது, "பிலோமினாவும் அங்க நிண்டாலும் நிப்பா," என்றார். ஒருவருக்கு நம்பிக்கையைக் கொடுப்பது எவ்வளவு சுலபம், திரும்ப வாங்குவது எவ்வளவு கொடுமை என்று அன்று தெரிந்தது. அன்று மாலை அவர் தாராபுரத்தில் நசீர் வீட்டில் தங்கினார். சீலைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை என்று நசீர் மறுநாள் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை 6.30க்குப் புறப்பட்டு 22 கிலோமீற்றரில் முருங்கன், பிறகு குளக்கட்டு வழியாக இன்னும் ஐந்து. மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்து குடியேறியவர்களின் மண்வீடுகள். ஓட்டோச் சத்தம் கேட்டு வெளியே வந்த மாரியாயி, அந்தோனியைக் கண்டதும் கையிலிருந்த பானையை மெதுவாகக் கீழே வைத்தாள். மிகவும் மெலிந்த பெண். சின்ன வயது.

"அண்ணே, நான் திருடலைங்க," என்றாள். வேறொன்றும் கேட்கும் முன்பே. "அக்காதான் குடுத்தாங்க. மாதா சத்தியமா அவங்களாத்தான் குடுத்தாங்க."

அந்தோனி அவளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார். ஓரறை வீடு. உள்ளே யாரும் இல்லை என்று வாசலிலிருந்தே தெரிந்தது.

"என்ன சொல்லிக் குடுத்தவ?" என்று கேட்டார்.

"வந்ததும் வாங்கிக்கிறேன்னு சொன்னாங்க. அரிசி எடுத்தா அண்ணனுக்கும் ஒரு பங்கு வச்சிருன்னாங்க." அவள் அழத் தொடங்கினாள். "நான் வைக்கலைங்க. படகு முழுகிடுச்சுன்னு கேட்டதும் பயந்துட்டேன். நீங்க வந்து நின்னப்போ நான் கொட்டிலுக்குள்ளேயே இருந்தேங்க. சொன்னா கார்டை வாங்கிருவாங்கன்னு..."

அவர் மணலில் உட்கார்ந்தார். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு தடவை மனைவியை இழந்தவர், இரண்டாவது தடவையாக என் கண்முன்னால் இழந்தார். அந்த இரண்டாவது சாவைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். வராமலே இருந்திருக்கலாம் என்று மனதார நினைத்தேன்.

ஆனால் வந்த வேலை அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மாரியாயிக்குச் சாப்பிட்டால் எரிவு, சாப்பிடாவிட்டால் குத்து, இரண்டு வருடமாகப் பாதிச் சோறுதான். வயது முப்பத்தொன்று. அப்படியென்றால் துணுக்கெடுத்தபோது இருபத்தாறு. முப்பத்தெட்டு வயது என்று நினைத்தே டொக்டரம்மா பேச்சை நிறுத்தினார். இருபத்தாறில் இந்த மாற்றம் இன்னும் கெட்ட செய்தி. முடிந்தவரை பயமுறுத்தாமல் விளக்கி, இன்றைக்கே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். அவளுடைய சொந்தப் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட உலகத்தில் இல்லை. பாலத்துச் சாவடியைத் தாண்ட முடியாது. கடிதத்தில் இருப்பதோ இன்னொருத்தியின் பெயர். பிடித்தால் என்ன செய்வார்கள்? எனக்கும் தெரியவில்லை. ஆய்வுகூடத்தில் நாங்கள் படித்த முதல் பாடம், தகட்டில் இருக்கும் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்பது. அதற்கு மேல் எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

"அந்தக் கார்ட் இருக்கோ?" என்று கேட்டார் அந்தோனி.

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்ததை அவள் எடுத்து வந்தாள். குடும்ப அட்டை. குடும்பத் தலைவர் அந்தோனி, மனைவி பிலோமினா. அவர் அதை விரலால் தடவினார்.

"என்னட்டை என்ர அடையாள அட்டை இருக்கு. இதில என்ர பேரும் இருக்கு. பாலத்தில கேட்டா நான் புருசன் எண்டு சொல்லுறன். வாங்கோ, போவம்."

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பயணக் குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. இன்று மன்னார் போகிறவர்களுக்குப் பாடு குறைவு: ரயில் மறுபடி தலைமன்னார் வரை ஓடுகிறது, பாலம் புதிது, சாவடிகள் இல்லை. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகக் காற்று. தொப்பி பறக்கும், கண்ணில் மண் விழும். அல்லிராணிக் கோட்டையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது, சுவருக்கு அடியில் நிற்காதீர்கள். பள்ளிமுனையில் பாவோபாப் எனப்படும் பருத்த பெருக்கமரம் பார்க்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வெறும் வீடுகளைப் படம் எடுக்குமுன் பக்கத்தில் யாரையாவது கேளுங்கள். வெறுமையாகத் தெரிகிற எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். நெஞ்செரிவும் வயிற்றுக்குத்தும் வாரக்கணக்கில் நீடித்தால் கடையில் குளிசை வாங்கி விழுங்கிக்கொண்டு இருக்காமல் சோதித்துப் பாருங்கள். கிருமிக்கு மருந்து தந்தால் சுகம் வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். என் வயிற்றிலும் அது இருந்தது, நானும் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து விழுங்கியவள்தான்.

மாரியாயி தப்பினாளா என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி மருத்துவரிடம் கதவைச் சாத்திவிட்டு உண்மை வயதைச் சொன்னேன். பெயரைப் பற்றி அவர் கேட்கவில்லை. இரண்டு வாரக் குளிசைகளை ஒன்றும் விடாமல் விழுங்கினாள். நாலு மாதம் கழித்து அந்தோனி அவளைக் கொழும்புக்குக் கூட்டிவந்தார், மறுபடி கமரா விட்டுத் துணுக்கெடுத்தார்கள். அதை நானே சீவிச் சாயமேற்றினேன். கிருமி இல்லை. மாறிய இடம் மாறியபடியே இருந்தது, ஆனால் அதற்கப்பால் ஓர் அடியும் வைக்கவில்லை. வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார் டொக்டரம்மா. இரண்டு வருடம் பார்த்தோம். பிறகு சண்டை மறுபடி தொடங்கியது, பாதை மூடியது, அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த மூன்றாம் நாளுக்கு வருகிறேன். பாலத்தில் அந்தோனி அட்டையைக் காட்டினார். சிப்பாய் அவரைப் பார்த்தான், பக்கத்தில் முக்காடு போட்டிருந்தவளைப் பார்த்தான், போகச் சொன்னான். ஆஸ்பத்திரி விறாந்தை வாங்கில் மூவரும் உட்கார்ந்தபோது 10.40. மாரியாயி தரையைப் பார்த்தபடி இருந்தாள். அந்தோனி நடுவில். சீலைப்பை நசீரின் ஓட்டோவிலேயே கிடந்தது.

மருத்துவத் தாதி கதவைத் திறந்து துண்டுச் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சூசை பிலோமினா."

மாரியாயி அசையவில்லை. ஐந்து வருடத்தில் அந்தப் பெயர் அவளுக்கு மறந்திருக்கலாம், அல்லது அதற்குரியவரின் கணவன் பக்கத்தில் இருக்கும்போது அதற்கு எழுந்திருக்க அவளால் முடியவில்லை. நான் தோளைத் தொட்டேன். அவள் உடம்பு குளிர்ந்துபோய் இருந்தது.

"சூசை பிலோமினா!" விறாந்தையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழும்பவில்லை. தாதி துண்டைப் புரட்டினாள். "பிலோமினா வரேல்லையோ? அப்ப பேரை வெட்டி விடுறன்."

"வெட்டாதேங்கோ," என்று அந்தோனி எழுந்தார். அவருடைய வாய் கோணியது, மறுபடி நேராகியது. "வந்திருக்கிறா."

பிறகு குனிந்து, மாரியாயியின் முன்னால் கையை நீட்டினார்.

"எழும்பு பிலோமினா," என்றார். "கூப்பிடினம்."